சிகின் ஏந்திய கிண்ணம்

(நூற்றாண்டு விழாவில், நோர்வே வாழ் பழைய மாணவிகள் ஓர் ஓவியப் பிரதியைக் கல்லூரிக்குக் கையளித்தபோது ஆற்றிய உரை)



துணியை விலக்கியதும் மண்டபத்தில் ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. நோர்வேயிலிருந்து படம் வருகிறது என்றதும் பனிமலையையோ கடலோரத்துச் சிவப்பு வீடுகளையோ நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். வந்திருப்பதோ பாறையில் கட்டுண்டு கிடக்கும் ஓர் ஆண், அவனுக்கு மேலே நஞ்சு சொட்டும் பாம்பு, பக்கத்தில் கிண்ணம் ஏந்திய ஒரு பெண். பெண்பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு நூற்றாண்டுப் பரிசாக இதையா கொண்டுவந்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி பல மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொண்டது. ஆகவே விளக்கம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மூலத்தை வரைந்தவர் சுவீடனைச் சேர்ந்த மோர்ட்டன் எஸ்கில் விங்கே. 1825இல் ஸ்ரொக்ஹோமில் பிறந்து 1896இல் மறைந்தவர். 1863இல் அவர் வரைந்த இந்த எண்ணெய் வர்ண ஓவியத்தின் பெயர் 'லோகியும் சிகினும்'. அது ஸ்ரொக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. இங்கே நீங்கள் காண்பது அதன் பிரதி. அச்சில் எடுத்ததன்று, கையால் வரைந்தது. எங்களுள் ஒருவர், இதே கல்லூரியின் சித்திர அறையில் தூரிகை பிடிக்கப் பழகியவர், ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்து வரைந்தார். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். முன்வரிசையில் இரண்டு ரீச்சர்மார் சிரிப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம். வட ஐரோப்பாவில் கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் மக்கள் வணங்கிய தெய்வங்களின் கதை இது. அந்தத் தெய்வங்கள் இந்தக் கல்லூரிக்கு முற்றிலும் புதியவர்கள் அல்லர். ஆங்கிலக் கிழமைப் பெயர்களில் புதன் ஓடின் என்னும் தெய்வத்தின் நாள், வியாழன் தோரின் நாள். நூறு வருடமாக எங்கள் நேரசூசியில் அவர்கள் சத்தமில்லாமல் இருந்துவந்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்நொரி ஸ்ரூர்லுசொன் என்பவர் ஏறத்தாழ 1220 அளவில் இக்கதைகளைத் தொகுத்து எழுதினார். 'எட்டா' என்பது அந்நூலின் பெயர்.

லோகி தெய்வங்களோடு வாழ்ந்தவன். கெட்டிக்காரன், உருமாறத் தெரிந்தவன், உதவியும் செய்வான், உபத்திரவமும் செய்வான். ஓடினின் மகன் பால்டர் எல்லாருக்கும் பிரியமானவன். அவன் இறக்கப்போவதாகக் கனவு வந்தபோது தாய் ஃபிரிக் உலகத்திலுள்ள ஒவ்வொரு பொருளிடமும், தீ, நீர், இரும்பு, கல், மரம், நோய், பாம்பு எல்லாவற்றிடமும், தன் பிள்ளைக்குத் தீங்கு செய்வதில்லை என்று சத்தியம் வாங்கினாள். ஒரேயொரு செடியை மட்டும் சின்னது என்று விட்டுவிட்டாள். எங்கள் மாமரங்களில் பிடிக்கும் குருவிச்சை மாதிரி அது ஓர் ஒட்டுண்ணிச் செடி. லோகி அதைக் கண்டுபிடித்து, பால்டரின் கண்பார்வையற்ற சகோதரன் ஹோட்டின் கையில் கொடுத்து எறியச் செய்தான். பால்டர் விழுந்து இறந்தான்.

லோகி மலைக்கு ஓடினான். நான்கு பக்கமும் வாசல் வைத்து ஒரு வீடு கட்டி இருந்தான். பகலில் சல்மன் மீனாகி அருவியில் ஒளிந்தான். தன்னை எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசித்து யோசித்து, நூலை முடிச்சிட்டு ஒரு வலை பின்னிப் பார்த்தான். உலகத்தின் முதல் வலை அதுதானாம். தெய்வங்கள் வருவது கண்டு அதை நெருப்பில் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தான். சாம்பலில் கிடந்த முடிச்சுகளின் தடத்தைப் பார்த்து அவர்களும் ஒரு வலை பின்னிக்கொண்டார்கள். வலையைத் தாண்டிப் பாய்ந்த மீனைத் தோர் வாலடியில் இறுக்கிப் பிடித்தான். சல்மனின் வாலடி ஒடுங்கியிருப்பதற்குக் காரணம் அதுதான் என்கிறது கதை. வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் கத்தியோடு வருடக்கணக்காக நின்ற சிலர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். இந்த இடம் வந்ததும் அவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த பகுதிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தெய்வங்கள் லோகியை ஒரு குகைக்குக் கொண்டுபோனார்கள். அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் பிடித்து வந்தார்கள். ஒருவனை ஓநாயாக மாற்றினார்கள். அந்த ஓநாய் மற்றவனைக் கிழித்தது. இறந்த பிள்ளையின் குடலை எடுத்துத் தகப்பனை மூன்று கற்பலகைகளோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டு இரும்பாக மாறியது. ஸ்காடி என்பவள் ஒரு நச்சுப் பாம்பைக் கொண்டுவந்து, நஞ்சு அவன் முகத்தில் சொட்டும்படி மேலே பொருத்தினாள். எல்லாம் முடிந்ததும் தெய்வங்கள் போய்விட்டார்கள்.

சிகின் போகவில்லை. லோகியின் மனைவி அவள். சொட்டும் நஞ்சைப் பிடிக்க ஒரு பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். ஸ்நொரி பயன்படுத்தும் பழைய சொல்லுக்குக் கைகழுவும் பாத்திரம் என்று பொருள். பெரிய பொற்கலசமெல்லாம் கிடையாது, வீட்டில் புழங்குகிற ஓர் ஏனம். அது நிரம்பியதும் ஊற்றுவதற்காக அவள் திரும்பிப் போகவேண்டும். அந்தச் சிறிது நேரத்தில் நஞ்சு அவன் முகத்தில் விழுகிறது. அவன் துடிக்கும் துடிப்பில் பூமி அதிர்கிறது. நாம் நிலநடுக்கம் என்று சொல்வது அதைத்தான் என்று கதை முடிகிறது. உலகம் அழியும் நாள் வரைக்கும் இது இப்படியே நடக்கும்.

பழைய நூல்களில் சிகினைப் பற்றி இதற்கு மேல் மிகக் கொஞ்சமே உண்டு. அவள் பேசுவதாக ஒரு வசனம்கூட இல்லை. தெய்வங்களின் சபையில் எல்லாரும் வாய்ச்சண்டை பிடிக்கும் ஒரு பாட்டு இருக்கிறது. அதிலும் அவளுக்குப் பேச்சில்லை. இன்னொரு பழைய பாட்டு கணவனுக்குப் பக்கத்தில் இருந்த அவளுக்கு அதில் மகிழ்ச்சியில்லை என்பதை மட்டும் குறிப்பாகச் சொல்லிவிட்டு அப்பால் போகிறது. அந்தச் சின்னக் குறிப்பு எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஏன் என்று பின்னர் சொல்கிறோம்.

நாங்கள் முதலில் தேடிய படம் இதுவன்று. நூற்றாண்டுக்கு ஏதாவது வீறாக இருக்கவேண்டும் என்று ஒரு பகுதியினர் நினைத்தோம். ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் பீற்றர் நிக்கொலாய் ஆர்போ 1869இல் வரைந்த 'வல்கிரி' இருக்கிறது. இரும்புச் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து, ஈட்டி ஏந்திக் குதிரையில் வானத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறாள் ஒரு பெண். கம்பீரமான படம், அதைப் பார்த்தால் எந்த மாணவியும் நிமிர்ந்து நிற்பாள். ஆனால் வல்கிரி என்ற சொல்லின் பொருளைத் தேடிப் பார்த்தோம். போரில் வீழ்பவர்களைத் தெரிவு செய்பவள் என்பது பொருள். இன்றைக்கு யார் சாகவேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. எங்கள் வகுப்பறைகளில் எத்தனை கதிரைகள் வெறுமையாகின என்று தெரிந்தவர்கள் அந்தப் படத்தை இந்தச் சுவருக்குக் கொண்டுவர முடியாது என்றார்கள். மறுபேச்சு இருக்கவில்லை.

அதே ஆர்போ 1872இல் வரைந்த இன்னொரு படம் வானத்தில் பாயும் வேட்டைக் கூட்டத்தைக் காட்டுகிறது. இறந்தவர்களும் தெய்வங்களுமாக மார்கழி இருளில் ஆரவாரத்தோடு கடந்து போவார்கள், அகப்பட்டவரை அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது நோர்வேக் கிராமத்து நம்பிக்கை. சத்தம் கேட்டால் முகம் குப்புற நிலத்தில் விழுந்து கிடக்கவேண்டுமாம். கதவுக்கு மேலே தாரால் சிலுவை போடுவார்களாம். வானத்தில் சத்தம் கேட்டதும் நிலத்தில் விழுந்து கிடப்பதற்கு எங்களுக்கு நோர்வேக்காரர் சொல்லித்தரவேண்டியதில்லை. அதையும் விட்டோம்.

விங்கேயின் மிகப் புகழ்பெற்ற படம் தோர் அரக்கரோடு பொருதுவது. அதுவும் 1872. ஆடுகள் இழுக்கும் தேரில் நின்று சம்மட்டியை ஓங்குகிறான். அதில் வேறொரு சிக்கல். தோரின் இடுப்புப் பட்டியில் சுவஸ்திகாச் சின்னம் இருக்கிறது. விங்கே வரைந்த காலத்தில் அது பழைய காலத்து அலங்காரம், அவ்வளவுதான். எங்கள் வீடுகளிலும் அது மங்கலச் சின்னம். ஆனால் 1940 முதல் 1945 வரை ஜேர்மன் படைகளின் கீழ் இருந்த நோர்வேயில் அந்தச் சின்னத்தை யாரும் அலங்காரமாகப் பார்ப்பதில்லை. பிரதியில் அதை விட்டுவிட்டு வரைந்தால் மூலத்துக்குப் பொய். வரைந்தால் ஒவ்வொரு நாளும் விளக்கம் சொல்லவேண்டும். இந்த வாதத்தில் இரண்டு கூட்டங்கள் போயின. கடைசியில், அதே ஓவியரின் வேறு படங்களைத் தேடியபோது சிகின் எங்களுக்குக் கிடைத்தாள்.

உடனே எதிர்ப்பும் வந்தது. எங்களுள் வயதில் இளையவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். "நளாயினி கணவனைக் கூடையில் வைத்துச் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தது போதாதா அக்கா? புருஷன் என்ன செய்தாலும் பக்கத்தில் நில் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாங்களும் படம் போட்டுச் சொல்லப்போகிறோமா?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. லோகி கொலை செய்யச் சூழ்ச்சி செய்தவன். அவனுடைய தண்டனையில் அநியாயம் என்ன என்று கேட்டால் எங்களால் பெரிதாக ஒன்றும் சொல்லமுடியாது.

பதில் சொன்னவர் ஒஸ்லோவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்பவர். அதிகம் பேசாதவர். "நீங்கள் எல்லாரும் அவளை மனைவி என்று பார்க்கிறீர்கள், நான் அவளுடைய கையைப் பார்க்கிறேன்" என்றார். "வாந்தி எடுப்பவருக்குப் பாத்திரம் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் நல்லவரா கெட்டவரா என்று நாங்கள் கேட்பதில்லை. என்னுடைய கவலை வேறு. எட்டு மணித்தியாலத்துக்குப் பிறகு எனக்கு மாற ஆள் வருவார். அவளுக்கு ஆள் இல்லை. பாத்திரம் நிரம்பினால் அவள்தான் போய் ஊற்றவேண்டும், அந்த நேரம் அங்கே யார் பிடிப்பது?"

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அதுவரை நாங்கள் எல்லாரும் பாம்பையும் லோகியையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கதையைத் திரும்பப் படித்தோம். எத்தனை தெய்வங்கள் அந்தக் கதையில்! வலை பின்ன வந்தார்கள், மீன் பிடிக்க வந்தார்கள், கட்ட வந்தார்கள், பாம்பைப் பொருத்த ஒருத்தி வந்தாள். இரண்டாவது கிண்ணத்தோடு ஒருவரும் வரவில்லை. யாராவது ஒருவர் ஒரு நிமிடம் வந்து நின்றிருந்தால் பூமி அதிர்ந்திருக்காது. குற்றவாளிக்காக வரவேண்டாம், அதிர்வது எல்லாருடைய பூமியுந்தானே, அதற்காகவாவது வந்திருக்கலாம்.

சிகின் பிள்ளைகள் இரண்டையும் ஒரே நாளில் பறிகொடுத்தவள் என்பதையும் நாங்கள் முதல் வாசிப்பில் கவனிக்காமலே கடந்திருந்தோம். எந்தச் சபையும் அவளுக்குக் குற்றம் சாட்டவில்லை, தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் இழந்தவள் அவள். அப்படிப்பட்ட பெண்களை இந்த ஊருக்கு நாங்கள் அறிமுகம் செய்யத் தேவையில்லை. பழைய பாட்டு அவளுக்கு மகிழ்ச்சியில்லை என்று சொல்வது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது அதனால்தான். புன்னகையோடு தியாகம் செய்தாள் என்று யாரும் அவளைப் பூசிமெழுகவில்லை. வலிக்கிற கையோடு நிற்கிறாள். கேள்வி கேட்ட இளையவர்கள் முழுதாக உடன்பட்டார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். படத்துக்குக் கீழே சிகினைக் 'கற்புக்கரசி' என்றோ 'பொறுமையின் வடிவம்' என்றோ ஒரு சொல்லும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார்கள். அந்த நிபந்தனையைக் கல்லூரியும் காக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

படம் தெரிவானதும், அச்சிட்டு எடுப்பதா, காசு கொடுத்து வரைவிப்பதா, நாங்களே வரைவதா என்று அடுத்த கேள்வி. கையால் வரைந்த பிரதிகளை இணையத்தில் ஓடர் பண்ணலாம். ஓடினும் தோரும் வல்கிரியும் வேண்டிய அளவில் கிடைக்கிறார்கள். இந்தத் தொழிலில் உலகப் பெயர் பெற்ற இடம் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள டாஃபென். 1989இல் ஹொங்கொங் வியாபாரியொருவர் சில ஓவியர்களோடு தொடங்கியது, பின்னர் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் ஊராக வளர்ந்தது. ஒருவர் வானம், ஒருவர் மரம், ஒருவர் முகம் என்று பகிர்ந்து வரைவதும் உண்டு. அங்கே வருடக்கணக்காக வான்கோவின் படங்களையே வரைந்த ஒருவரைப் பற்றி 2016இல் ஓர் ஆவணப்படம் வந்தது. அவர் அம்ஸ்ரர்டாமுக்குப் போய், தன் படங்கள் ஓவியக்கூடத்தில் அன்றி நினைவுப்பொருள் கடையில் விற்பதைக் காண்கிறார். பிறகு அருங்காட்சியகத்தில் மூலத்தின் முன் நிற்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பிரதிக்காரரை ஏளனமாகப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. அவர்களிடம் கொடுத்திருந்தால் நேர்த்தியான படம் வந்திருக்கும். ஆனால் கல்லூரிக்குக் கொடுப்பது கல்லூரியின் கையால் வந்ததாக இருக்கவேண்டும் என்று விரும்பினோம்.

நகல்தானே என்று சிலர் நினைக்கலாம். சிகின் இன்று நமக்குத் தெரிவதே நகலெடுத்தவர்களால்தான். அந்தப் பழைய பாட்டுகள் இருக்கும் முக்கியமான ஏடு 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் தோலில் எழுதப்பட்டது. அதுவும் அதற்கு முந்திய ஏடுகளைப் பார்த்து எழுதிய பிரதிதான். 45 தாள்கள் எஞ்சியுள்ளன. 8 தாள்கள் தொலைந்துவிட்டன. 1662இல் டென்மார்க் அரசருக்குப் போன அந்த ஏடு, 1971இல் கடற்படைக் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஓலைகளைத் தேடி, ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய கதையை இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைகள் அதோடு போயின. பார்த்தெழுதுவது இரண்டாந்தர வேலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லக்கூடாது.

சிகினுக்கே இன்னொரு சாட்சி உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில் கொஸ்ஃபோத் என்ற ஊரில், தேவாலய முற்றத்தில், 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உயரமான கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ஒரு பக்கத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு. இன்னொரு பக்கத்தில், கீழே, கட்டுண்ட ஓர் உருவமும் கிண்ணம் ஏந்திய ஒரு பெண்ணும். பாசி படர்ந்து கிடந்த அந்தச் சிற்பங்களை 1880களில் அவ்வூர் மருத்துவர் ஒருவரும் மதகுரு ஒருவரும் கழுவித் துலக்கிய பிறகுதான் அது யார் என்று புரிந்தது. வெயிலிலும் மழையிலும் கல் தேய்ந்துகொண்டே இருக்கிறது. அக்காலத்தில் எடுத்த அச்சுப்பிரதியொன்று லண்டன் விக்ரோறியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பதால், கல் தேய்ந்தாலும் பார்க்க ஓர் இடம் உண்டு.

இனி எங்கள் ஓவியரின் குளிர்காலம். ஸ்ரொக்ஹோம் அருங்காட்சியகம் 2016இல் தன்னிடமுள்ள ஓவியங்களில் ஏறத்தாழ 3,000இன் தெளிவான படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. இப்படிப் பழைய ஓவியங்களைக் கிட்ட நின்று பார்க்கும் வசதி எங்கள் காலத்துச் சித்திர மாணவிகளுக்குக் கனவிலும் இருந்ததில்லை. கணினித் திரையில் படத்தைப் பெருப்பித்து வைத்து, கன்வஸில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகக் கோடிழுத்தார். அதற்கு மேல் மண்ணிறத்தை மெல்லிதாகப் பூசி இருட்டையும் வெளிச்சத்தையும் முதலில் பிரித்துக்கொண்டார். எண்ணெய் வர்ணம் தண்ணீர் வற்றுவது போல் காய்வதில்லை. எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகவேண்டும். ஒரு படலம் காயக் குறைந்தது சில நாட்கள், சில நிறங்களுக்கு இன்னும் கூட. அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கவேண்டும்; மாறிப் போனால் சில வருடங்களில் வெடித்துவிடும். மின்விளக்கில் சரியாகத் தெரியும் தோல் நிறம் பகலில் மஞ்சளடித்து நிற்கும். டிசம்பரில் ஒஸ்லோவுக்குக் கிடைப்பது ஆறு மணித்தியாலப் பகல். அதில் வேலைக்குப் போகாத நாட்களின் பகல் மட்டுந்தான் அவருக்கு.

லோகி விரைவில் வந்துவிட்டானாம். முறுக்கேறிய தசையை வரைவது பழகிய வேலை. அவரைப் பாடாய்ப் படுத்தியது சிகினின் கை. நான்கு தடவை சுரண்டி அழித்தார். கை வடிவாக வந்தது, கிண்ணத்தில் பாரம் வரவில்லை. கடைசியில் சமையலறையில் ஒரு சட்டியில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டி ஏந்திக்கொண்டு நின்று பார்த்தார். இரண்டு நிமிடத்துக்குள் தோள் நடுங்கத் தொடங்கியது. பிள்ளைகள் வந்து "அம்மா என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது தண்ணீர் முழுவதும் நிலத்தில். அதற்குப் பிறகு வரைந்த தோள்தான் நீங்கள் பார்ப்பது. படத்தைக் கண்ணால் மட்டும் பார்த்த நாங்கள் ஒருவரும் தோளைக் கவனித்திருக்கவில்லை. வரைந்தவரின் கை அதைக் கண்டுபிடித்தது.

இன்னொரு பெண்ணின் பெயரையும் மாணவிகள் அறியவேண்டும். விங்கேயின் மனைவி ஹன்னா விங்கேயும் ஓவியர். சுவீடனின் கலைக் கழகம் 1864இல் பெண்களுக்கு வகுப்புத் திறந்தபோது அங்கே பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். 1874இல் தொடங்கிய கைப்பணி நண்பர்கள் சங்கத்தைத் தொடங்கி வைத்தவர்களிலும் ஒருவர். துணிக்கும் தையலுக்கும் கோலங்கள் வரைந்தவர். கணவர் இறந்த அதே 1896இல் அவரும் இறந்தார். இந்த மண்டபத்தில் தையல் பாடத்தை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துப் பின்வாங்கில் ஒளிந்திருந்த சிலர், இன்று அதை நினைத்து நெளிகிறோம்.

கடைசியாக, பராமரிப்பு. அதிபர் அவர்கள் படத்தைச் சித்திர அறைக்குப் போகும் விறாந்தையின் உட்சுவரில் மாட்டச் சம்மதித்திருக்கிறார்கள். நேர் வெயில் படாத சுவர் அது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்; மாரியில் சுவர் ஈரம் இழுத்தால் கன்வஸில் பூஞ்சணம் பிடிக்கும். பின்புறச் சட்டம் மரம், ஆகவே கறையானை மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். விளக்கு, கற்பூரம், சாம்பிராணி பக்கத்தில் வேண்டாம். மழைக்காலத்தில் கன்வஸ் தொய்ந்தால் பயப்படவேண்டாம். பின்னால் மூலைகளில் சின்ன ஆப்புகள் இருக்கின்றன, மெல்லத் தட்டினால் இறுகும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. காய்ந்த மென்மையான தூரிகை போதும்.

பெயர்ப்பலகையில் ஓவியத்தின் பெயர், மூல ஓவியர், 1863, ஸ்ரொக்ஹோம் தேசிய அருங்காட்சியகம், 'கையால் வரைந்த பிரதி' என்பவை மட்டும் இருக்கும். பிரதி மூலத்தின் அளவில் இல்லை, வேண்டுமென்றே மாற்றியிருக்கிறோம்; பின்புறத்திலும் பிரதி என்று எழுதியிருக்கிறோம். இன்னும் ஐம்பது வருடத்துக்குப் பிறகு யாரும் அதை மூலம் என்று நினைத்துவிடக்கூடாது.

படத்துக்கு இன்னும் வார்னிஷ் பூசவில்லை. மேற்படலம் உள்ளே முழுதாக இறுகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் வேண்டும். அதற்கு முன் பூசினால் வர்ணம் இழுபட்டுவிடும். அடுத்த ஆடியில் எங்கள் ஓவியர் வந்து பூசுவார். தூரிகை பிடிக்க விருப்பமுள்ள மாணவிகள் இரண்டு மூன்று பேர் அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதுவரைக்கும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்காமல் இருந்தால் போதும்.